அப்பாவின் மாத்திரை அம்மாவின் கையில்

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மெல்பர்னிலிருந்து, மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போனேன். வாசலில் முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் கால். கணுக்காலைச் சுற்றி வீங்கியிருந்தது. "வயதானால் கால் வீங்காதா ஐயா?" என்றார்.

மறுநாள் சமையலறை அலமாரியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. இருவருக்கும் ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின்தான். அப்பாவுக்கு 10 மில்லிகிராம், அம்மாவுக்கு 5. ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் பை, ஒரே வெள்ளை லேபிள். கிளினிக்கின் பெயர் மேலே கொட்டை எழுத்தில். நோயாளியின் பெயரும் மருந்தின் அளவும் அடியில் எறும்பு ஊர்வதுபோல. அம்மா இரண்டு வாரமாக அப்பாவின் பையிலிருந்து எடுத்து விழுங்கியிருக்கிறார். இந்த மருந்தின் அளவு கூடினால் கால் வீக்கமும் கூடலாம்.

அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கட்டணம் வெறும் ஒரு ரிங்கிட். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அதில் எனக்குக் குறையில்லை. மருந்து முகப்பில் இருந்த இளம் மலாய்ப் பெண் பொறுமையாக விளக்கி, பைகளின்மேல் மார்க்கர் பேனாவால் சூரியனும் பிறையும் வரைந்து கொடுத்தார். கணினி அச்சடிக்கும் லேபிளை அவரால் மாற்ற முடியாது. அந்தப் பிள்ளையின் கை செய்ததை லேபிளே செய்திருக்க வேண்டும்.

அப்பாவின் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் பையில் மலாயில் '2 காலி செஹாரி' என்றிருந்தது. நாளைக்கு இரண்டு தடவை. அப்பாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியும். ஆனால் காலையில் பசியாறியதும் ஒன்று, பகல் சோற்றுக்குப் பின் ஒன்று என்று முடித்துவிடுகிறார். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று பால்மரம் வெட்டியவருக்கு, நாள் என்பது மத்தியானத்தோடு முடிந்துவிடும். 'காலை 1, இரவு 1' என்று அச்சிட்டிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

இது தோட்டத்து மக்களின் அறியாமை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2006இல் அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 71 விழுக்காட்டினர் 'இரண்டு மாத்திரை, நாளைக்கு இரண்டு தடவை' என்பதற்குச் சரியாகப் பொருள் சொன்னார்கள். ஒரு நாளுக்கான மாத்திரைகளை எண்ணிக் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியவர்கள் 35 விழுக்காட்டினரே.

அந்த நாட்டிலேயே டெபோரா அட்லர் என்ற வடிவமைப்பாளரின் பாட்டி, தாத்தாவின் மாத்திரையைத் தவறி விழுங்கிவிட்டார். எங்கள் வீட்டுக் கதையேதான். அட்லர் மருந்துப் புட்டியையே மாற்றி அமைத்தார். மருந்தின் பெயர் பெரிய எழுத்தில் முதலில். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையம். 2005இல் டார்கெட் என்ற கடைத்தொடரின் மருந்தகங்களில் அது புழக்கத்துக்கு வந்தது.

புறப்படுவதற்கு முன் அம்மாவின் பைகளில் சிவப்பு நூலும் அப்பாவின் பைகளில் நீல நூலும் கட்டினேன். பெயரையும் வேளையையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினேன். அடுத்த மாதம் புதிய பைகள் வரும். அவற்றுக்கு நூல் கட்டும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு அக்கா ஏற்றிருக்கிறார்.