மூணு பட்டன் ஒரு நாப் மேக்ரோ பேட்: எடிட்டிங் பண்றவங்க வாங்கலாமா?

ஆன்லைன்ல பிராண்ட் பேரே இல்லாம விக்கிறாங்களே, மூணு பட்டனும் திருகுற மாதிரி ஒரு நாபும் (குமிழ்) வச்ச குட்டி மேக்ரோ பேட், அதாவது நாம செட் பண்ற கீய அனுப்புற துணைக் கீபோர்டு, அதைப் பத்திதான் சொல்றேன். வாங்கலாம். ஆனா எந்த வேலைக்குன்னு யோசிச்சுட்டு வாங்குங்க, இல்லன்னா ஒரு வாரத்துல வால்யூம் கூட்டி கொறைக்க மட்டும்தான் மேசையில கிடக்கும்.

கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் இது வெறும் ஒரு கீபோர்டுதான். வலது பக்கம் திருகினா ஒரு கீ, இடது பக்கம் திருகினா ஒரு கீ, நாப அமுக்கினா இன்னொரு கீ, அவ்வளவுதான் விஷயம். உள்ள இருக்கிறது ரோட்டரி என்கோடர், அதனால பழைய ரேடியோ வால்யூம் மாதிரி ஒரு எல்லையில போய் முட்டி நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கலாம், ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு தடவ கீ தட்டின மாதிரி போகும். என்னோடதுல ஒரு சுத்துக்கு 20 டிக்.

இது எங்க செமயா செட் ஆகுதுன்னா டைம்லைன்லதான். டாவின்சி ரிசால்வ், பிரீமியர்னு வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் ரெண்டுலயும் இடது வலது ஆரோ கீ ஒரு ஃப்ரேம் நகத்தும்ல, அதை நாபுக்குக் குடுத்துட்டேன். 25 ஃப்ரேம் வீடியோன்னா ஒண்ணேகால் சுத்துக்கு ஒரு செகண்ட், கை அதுக்குப் பழகிடுச்சுன்னா உதடு மூடுற ஃப்ரேம்ல கரெக்டா வந்து நிப்பாட்டி அப்படியே பக்கத்து பட்டன்ல கட் போட்டுடலாம், மவுஸத் தொடவே வேணாம். போட்டோஷாப், கிருதா (படம் வரையுற சாஃப்ட்வேர்) ரெண்டுலயும் சதுர அடைப்புக்குறி கீக்கு பிரஷ் சைஸ் மாறும், அதையும் நாப்ல வச்சுக்கலாம், ஒரு கையில பேனா ஒரு கையில நாப், நல்லாருக்கு.

கலர் கரெக்‌ஷனுக்குன்னு ஆசைப்பட்டு வாங்காதீங்க. ஷார்ட்கட் இல்லாத ஸ்லைடர இது அசைக்கவே அசைக்காது. அதே மாதிரி எந்த சாஃப்ட்வேர் ஓபன்ல இருக்குன்னும் இதுக்குத் தெரியாது, தானா மாறிக்காது. நான் எஃப்13, எஃப்14னு சாதா கீபோர்டுல இல்லாத கீயாப் பாத்துக் குடுத்துட்டு, ஆட்டோஹாட்கீல (விண்டோஸ்ல ஒரு கீக்கு நாம சொல்ற வேலையக் குடுக்கிற சாஃப்ட்வேர்) ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனித்தனியா அர்த்தம் எழுதி வச்சிருக்கேன். கொஞ்சம் மெனக்கெடணும், பண்ணிட்டா நிம்மதி.

செட்டிங் சாஃப்ட்வேர்தான் கடுப்பு. விக்கிறவர் அனுப்புற லிங்க்ல ஒரு ஜிப், அதுல அரைகுறை இங்கிலீஷ், விண்டோஸ்ல மட்டும் ஓடுது, ஏற்கனவே என்ன செட் பண்ணி வச்சோம்னு திருப்பிக் காட்டாது, அதனால நீங்களே எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க. ஆனா செட் பண்ணினது பேடுக்குள்ளயே சேவ் ஆகுறது பெரிய பிளஸ், வேற ஆபீஸ் மெஷின்லயோ மேக்லயோ சொருகினாலும் எதுவும் இன்ஸ்டால் பண்ணாம அதே கீ வேலை செய்யும் (ஆட்டோஹாட்கீ வித்தை மட்டும் கூட வராது).

காசு இருக்குன்னா வேற வழியும் இருக்கு. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் டயல் 2016ல 99.99 டாலருக்கு வந்துச்சு, ப்ளூடூத், ரெண்டு ட்ரிப்பிள் ஏ பேட்டரி, திருகும்போது கையில சின்னதா அதிரும், அழுத்திப் பிடிச்சா ஸ்கிரீன்ல ஒரு வட்ட மெனு வரும், விண்டோஸ்காரங்களுக்கு அழகான சாமான். ஆனா நாள் பூரா டைம்லைன்லயே கிடக்கிறவங்களுக்கு நான் கான்டூர் ஷட்டில்எக்ஸ்பிரஸ்தான் சொல்வேன். நடுச் சக்கரம் ஃப்ரேம் ஃப்ரேமா நகத்தும், வெளி வளையம் ஸ்பிரிங்ல இருக்கும், எவ்வளவு திருகுறீங்களோ அவ்வளவு வேகமா வீடியோ ஓடும், விட்டா நடுவுக்கு வந்து நின்னுடும், இந்த மேட்டர் நம்ம குட்டி பேடுக்கு வரவே வராது.

வாங்கினா ஒண்ணு கவனிங்க, என்னோடது கூட வந்த கேபிள் ரொம்ப குட்டை. வேற டைப்-சி கேபிள் வாங்கும்போது டேட்டா கேபிளா பாத்து வாங்குங்க, சார்ஜ் ஏத்துற கேபிள் மட்டும்னா லைட் எரியும், ஒரு கீயும் போகாது.