பினாங்கில் நியோன்யா, ஹைனான் சமையல் வகுப்பு: போகலாமா என்று கேட்டவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். ஆனால் வயிறாரச் சாப்பிடுவதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அதற்கு ஜார்ஜ்டவுனில் கடைகளுக்கா பஞ்சம்? தலைக்கு 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்றுக் கீழே வாங்குகிறார்கள், அந்தக் காசில் ஒரு குடும்பமே கடையில் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். சமைக்கும்போது நடுநடுவே நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லி, எந்தச் சுவை எங்கிருந்து வருகிறது என்று பிடிபட வைக்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் நான் மார்க் போடுகிறேன். சொந்த வீட்டுச் சமையலறையில் நடத்துகிறவர்கள் என்பதால் பெயரும் முகவரியும் இங்கே போடவில்லை. பினாங்கில் இதுபோன்ற வகுப்புகள் நிறைய இருக்கின்றன, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இந்த விமர்சனம் உதவும். தெரியாதவர்களுக்கு: நியோன்யா என்பது மலாய்ப் பழக்கங்களோடு கலந்துபோன பெரானாக்கான் சீனர்களின் சமையல், ஹைனான் என்பது சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்களின் சமையல்.

நானும் அண்ணியும் போனோம். அண்ணி பட்டர்வொர்த்தில் இருக்கிறார், பெர்ரி பிடித்தால் அந்தப் பக்கம்தான். நான் கோலாலம்பூரிலிருந்து முதல் நாளே வந்து அவர் வீட்டில் தங்கிவிட்டேன். காலையில் சௌராஸ்தா சந்தையில் ஆரம்பம். சந்தையைச் சுற்றிக் காட்டுவது சும்மா ஒரு சடங்குக்கு என்று நினைக்க வேண்டாம். போப்பியா என்கிற காய்கறிச் சுருளுக்கான தோல் சுடுகிற இடத்தில் எங்களை வெகுநேரம் நிறுத்தி வைத்தார்கள். கையில் ஒரு உருண்டை மாவு, தொளதொளவென்று ஆடிக்கொண்டே இருக்கிறது, அதைச் சூடான கல்லில் ஒரு தடவு தடவி உடனே எடுத்துவிடுகிறார்கள், ஒட்டியது மட்டும் கண்ணாடி மாதிரித் தோலாக நிற்கிறது. எத்தனை வருஷமாக அந்தப் பக்கம் போய் வருகிறோம், அதை நின்று பார்க்க வைக்க இன்னொருவர் வேண்டியிருந்தது. அப்புறம் பூங்கா கந்தான் என்கிற இஞ்சிப்பூ, டாவுன் காடோக், டாவுன் கெசோம் என்கிற இலைகள் என்று வாசனைச் சாமான்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். காடோக் நம் வெற்றிலையின் சொந்தக்காரச் செடி, பார்க்கவும் அப்படித்தான் இருக்கும், கடித்தால் காரம் குறைவு.

வகுப்பு எடுத்த ஆன்ட்டி நியோன்யா குடும்பத்துப் பெண். வீட்டுக்காரர் ஹைனான்காரர். அதனால்தான் இரண்டு சமையலும் ஒரே வீட்டில் கிடைத்தது. மகளிடம் ஹொக்கியன் என்கிற சீன மொழி, எங்களிடம் மலாய், இடையிடையே ஆங்கிலம். மலாக்கா பாபாக்கள், அதாவது அங்குள்ள பெரானாக்கான் சீனர்கள், வீட்டில் மலாய் பேசுவார்கள், பினாங்கில் ஹொக்கியன்தான் வீட்டு மொழி என்று அவரே சொன்னார். சமையலிலும் அந்த வித்தியாசம் உண்டு. மலாக்கா பக்கம் தேங்காய்ப்பாலும் இனிப்பும் தூக்கல், பினாங்கில் புளிப்பு தூக்கல். வடக்கே சயாம் (தாய்லாந்து) பக்கத்தில் இருப்பதால் அந்த வாடை இங்கே நன்றாகவே வீசுகிறது. இதையெல்லாம் அவர் உட்கார வைத்துப் பாடமாகச் சொல்லவில்லை, கையில் வேலை நடக்க நடக்க வாய் பேசிக்கொண்டே இருந்தது.

காலைப் பாதி நியோன்யா. கப்பித்தான் கோழியும் ஓத்தாக் ஓத்தாக்கும். கப்பித்தான் கோழியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் பார்த்தால் நம் கோழிக் கறி மாதிரியே இருக்கும், செய்முறை வேறு.

ரெம்பாவை, அதாவது ஈர மசாலாவை, உரலில் இடிக்கச் சொன்னார். மிக்சி பக்கத்திலேயே இருந்தது, தொட விடவில்லை. முதலில் செராய் (எலுமிச்சைப் புல்), லெங்குவாஸ் (சித்தரத்தை வகை), மஞ்சள், இந்த நார்ச்சாமான்கள். அவை நன்றாக நசுங்கிய பிறகு புவா கெராஸ் என்கிற எண்ணெய்ப் பசைக் கொட்டை, அப்புறம் ஊறவைத்த மிளகாய், பிளாச்சான் என்கிற இறால் விழுது, கடைசியில்தான் சின்ன வெங்காயம். வெங்காயத்தை முதலிலேயே போட்டால் நீர் விட்டுவிடும், உலக்கை வழுக்கும், நார் நாராகவே கிடக்கும். நம் வீட்டு அம்மியிலும் இப்படித்தானே அரைத்தார்கள் என்று அண்ணி சொன்னதும் ஆன்ட்டிக்கு ஒரே சந்தோஷம். மிக்சியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீர் விட்டு ஓட்டினால் அந்தத் தண்ணீர் வற்றவே பாதி நேரம் போகும், மசாலா வதங்காமல் வேகத்தான் செய்யும் என்றார். கேட்கச் சின்ன விஷயம், ருசியில் பெரிய விஷயம்.

இனி அந்த ருசி பார்க்கிற வேலை. இடித்த ரெம்பாவைப் பச்சையாக ஒரு துளி நாக்கில் வைக்கச் சொன்னார்: மஞ்சள் கசப்பு, வெங்காயக் காரம், பிளாச்சான் வாடை, ஒவ்வொன்றும் தனித்தனியாக முட்டிக்கொண்டு நிற்கிறது. எண்ணெயில் போட்டுப் பச்சை வாசனை போனதும் இன்னொரு துளி. அப்போது கசப்பு இல்லை, ஆனால் ருசி இன்னும் தட்டையாகத்தான் இருந்தது. நம்மில் பெரும்பாலோர் இங்கேதான் கோழியைப் போடுவோம். அவர் போட விடவில்லை. தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே இருக்கச் சொன்னார். கை வலிக்க ஆரம்பித்த நேரத்தில் எண்ணெய் மசாலாவை விட்டுப் பிரிந்து ஓரத்தில் சிவப்பாகத் தேங்கியது, ரெம்பாவின் நிறம் செங்கல் நிறத்துக்கு இறங்கியது, வாசனை சட்டென்று மாறியது. மூன்றாவது துளியை வைத்தபோது எது மஞ்சள், எது வெங்காயம் என்று பிரிக்க முடியவில்லை, எல்லாம் கூடி ஒரே ருசியாகிவிட்டது. எண்ணெய் பிரிய வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது இந்த மூன்று துளியில்தான் எனக்குப் புரிந்தது. இப்போது வீட்டில் சாதாரணக் கோழிக் கறி வைக்கும்போதும் அப்படி நின்று வதக்குகிறேன்.

பிறகு கோழி, தேங்காய்ப்பால், லீமாவ் பூருட் என்கிற நாரத்தை வகை இலை. அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு. இறுதிப் புளிப்பை ஆளாளுக்குத் தாங்களே பிழிந்து முடிவு செய்ய வேண்டும். அண்ணியின் கிண்ணமும் என் கிண்ணமும் ஒரே சட்டியிலிருந்து வந்தவைதான், ருசி ஒன்றாக இல்லை.

ஓத்தாக் ஓத்தாக்கை வேகமாகச் சொல்லிவிடலாம். தெற்கே சுட்டு விற்கிற சிவப்பு வகை இல்லை, பினாங்கில் ஆவியில் வேக வைப்பது. வாழையிலையில் காடோக் இலை விரித்து, மீன் துண்டின் மேல் முட்டை கலந்த தேங்காய்ப்பால் ரெம்பாவை ஊற்றி மடிக்க வேண்டும். மடிக்கிற விதம் கைவந்துவிட்டால் வேலை முடிந்தது. காலையில் கடித்துப் பார்த்தபோது சாதுவாக இருந்த காடோக், ஆவியில் மீனோடு சேர்ந்ததும் லேசாகக் கசந்து, தேங்காய்ப்பாலின் திகட்டலை வெட்டிவிட்டது.

பிற்பகல் ஹைனான் பக்கம். இங்கே கொஞ்சம் வரலாறும் கிடைத்தது. சீனச் சமூகங்களில் ஹைனான்காரர்கள் இங்கே பிந்தி வந்தவர்கள். வணிகம், ஈயச் சுரங்கம் என்று நல்ல தொழில்களில் எல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே ஊன்றிவிட்டார்கள். கிடைத்தது வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியும் கப்பல் சமையலறையும். அங்கே கற்ற வறுத்த கோழித் துண்டும் குழம்பும் சோய் சாஸ் சேர்ந்து ஹைனான் சிக்கன் சாப் ஆனது, கோப்பிக் கடைகளும் அந்தக் கைகளிலிருந்து வந்தவைதான். வூஸ்டர் சாஸ் பாட்டில் இன்றைக்கும் பினாங்கு ஹைனான் மேசையில் இருப்பதற்கு அதுதான் காரணம். முந்த்ரி ஸ்திரீட் பக்கம் போனால் ஹைனான் கோயிலையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள், கல்தூண்களில் டிராகன் சுற்றியிருக்கும் வேலைப்பாட்டுக்காகவே பார்க்கலாம்.

கோழிச் சோறு செய்தோம். கொதிக்கிற தண்ணீரில் முழுக் கோழியைக் கழுத்தைப் பிடித்து முக்கி, தூக்கி, வயிற்றுக்குள் புகுந்த நீரை வடியவிட்டு, மறுபடி முக்குகிறார்கள். உள்ளே நிற்கும் நீர் சீக்கிரம் ஆறிவிடுமாம், அதை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் உள்ளும் புறமும் ஒன்றாக வேகும். அதற்கப்புறம் தீயை நன்றாக இறக்கி, குமிழே வராத அளவுச் சூட்டில் மூடி வைக்கிறார்கள். எடுத்ததும் ஐஸ் தண்ணீர். தோல் இறுகி வழுவழுவென்று ஆகிவிடும். வெட்டியபோது எலும்பை ஒட்டி லேசான இளஞ்சிவப்பு. “இது வேகலையேம்மா” என்று அண்ணி என் காதில் சொன்னார். நம் வீடுகளில் கோழி என்றால் எலும்பிலிருந்து கழன்று வர வேண்டும், அந்தப் பழக்கம். ஆன்ட்டி கத்தியால் தொடையைக் கீறி, சாறு தெளிவாக வருவதைக் காட்டினார். அண்ணி ஒரு துண்டு சாப்பிட்டார், அப்புறம் இன்னொரு துண்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

சோறுதான் எனக்குப் பிடித்தது. கோழிக் கொழுப்பை உருக்கி, பூண்டும் இஞ்சியும் வதக்கி, ஊறாத அரிசியை அதில் புரட்டி, கோழி வெந்த நீரிலேயே பாண்டான் இலை முடிச்சுப் போட்டு வேக வைப்பது. மசாலா என்று ஒன்றுமே கிடையாது. காலையில் அத்தனை சாமான் இடித்த நாக்குக்கு இந்தச் சோறு வேறு ஒரு பாடம்.

சூன் பியாவை மட்டும் அவசரமாக முடித்துவிட்டார்கள். நண்டு, இறால், செங்குவாங் கிழங்கு வைத்துச் சுருட்டி, பிஸ்கட் தூளில் புரட்டிப் பொரிப்பது. உள்ளே வைக்கும் கலவை முன்கூட்டியே தயாராக இருந்தது, நாங்கள் சுருட்டியதோடு சரி. காலையில் ரெம்பாவுக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்திருக்கலாம். இரண்டு சமையலையும் சொல்லித்தருவதாகச் சொல்லி ஒன்றை ஓட்டமாக ஓட்டுவது நியாயமில்லை.

கடைசியில் இரண்டு கிண்ணம் காயா, ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற இனிப்பு. ஒன்று நியோன்யா காயா, பாண்டான் சாற்றால் பச்சை. இன்னொன்று ஹைனான் காயா, சீனியைக் கருக்கிச் சேர்ப்பதால் பழுப்பு. முட்டை, சீனி, தேங்காய்ப்பால், இரண்டிலும் அதேதான். பச்சையை சங்குப்பூ நீலம் ஏறிய புளூட் தாய் தாய் என்கிற ஒட்டரிசிப் பலகாரத்தோடும், பழுப்பைச் சுட்ட ரொட்டியோடும் கொடுத்தார்கள். மாற்றி வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். புளூட்டின் உப்புக்கும் தேங்காய்ப்பாலுக்கும் பச்சைதான் பொருந்துகிறது, கருக்கிய சீனியின் லேசான கசப்பு வெண்ணெய் தடவிய ரொட்டிக்கும் பால் சேர்க்காத கோப்பி ஓவுக்கும்தான்.

ஒரு விஷயம் எனக்கு மனசுக்குச் சரியாகப் படவில்லை. நாள் முழுக்கப் பெரானாக்கான் என்றால் சீனர் மட்டும்தான் என்பது போலவே பேச்சு போனது. மலாக்கா செட்டிகள் தமிழ் வழிவந்த பெரானாக்கான்கள். மலாய் பேசுகிறார்கள், சைவ வழிபாட்டை விடாமல் வைத்திருக்கிறார்கள், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்கள் கட்டியது, அவர்கள் சமையலில் பிளாச்சானும் தேங்காய்ப்பாலும் நம் மசாலாவும் ஒன்றாகக் கிடக்கும். பினாங்கிலேயே ஜாவி பெரானாக்கான்கள் இருக்கிறார்கள், தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மலாய்ப் பெண்களும் கலந்த குடும்பங்களின் வழியில் வந்தவர்கள். நியோன்யா சமையலில் சேர்கிற கொத்தமல்லிக்கும் சோம்புக்கும் இந்த மக்களைச் சொல்லாமல் கதை முடியாது. நான் இதைச் சொன்னபோது ஆன்ட்டி உட்கார்ந்து கவனமாகக் கேட்டார், அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். சேர்க்க வேண்டும். நம் பிள்ளைகள் இங்கே வந்து இடிக்கும்போது இதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்து இடிக்க வேண்டும்.

கையில் கொடுத்த குறிப்புத்தாளும் போதாது. உப்பு, சீனி, புளிப்பு எல்லாம் “தேவைக்கு” என்று விட்டிருக்கிறார்கள். நீங்களே ஒரு நோட்டு கொண்டுபோய், அவர் கைப்பிடி அளவுகளைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

போவதாக இருந்தால் பதிவு செய்யும்போதே சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். நியோன்யா, ஹைனான் இரண்டிலும் பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் வழக்கமாகச் சேர்பவை, எங்கள் வகுப்பில் முன்பே சொல்லி வைத்ததால் எல்லாமே கோழியில் நடந்தது. தனி உரல் தருவார்களா என்றும் கேளுங்கள், ஆறேழு பேருக்கு ஒரே உரல் என்றால் அந்த வகுப்பு வேண்டாம். புரட்டாசி விரதத்தில் இருப்பவர்கள் ஒரு மாதம் தள்ளிப் போவது நல்லது. சைவமாகச் செய்ய முடியுமா என்று கேட்டேன், பிளாச்சானுக்குப் பதில் தௌச்சோ என்கிற புளித்த சோயா விழுது போட்டு ரெம்பா செய்யலாம் என்றார், ஆனால் ஓத்தாக் ஓத்தாக்கும் கோழிச் சோறும் போய்விட்டால் அந்த நாளில் பாதி போய்விடும். காலையில் லேசாகப் பசியாறிவிட்டுப் போங்கள், சோறும் கறியுமாக நாசி கண்டாரை ஒரு கட்டு கட்டிவிட்டுப் போனால் பத்து மணிக்கு அந்தப் பச்சை ரெம்பாவை நாக்கு ஒழுங்காகச் சொல்லாது.