டங்ஸ்டனா, ஷாட்கியா? நானோத் துகள் பார்க்க எந்த எஸ்இஎம்

எஸ்இஎம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) வாங்கும்போது விலையையும் தெளிவையும் தீர்மானிப்பது, எலக்ட்ரான்களை உமிழும் பகுதியான எலக்ட்ரான் கன். டங்ஸ்டன் ஃபிலமென்ட் (சூடேற்றிய கம்பி), ஷாட்கி (சூடேற்றிய கூர்முனை), கோல்ட் ஃபீல்டு எமிஷன் (சூடேற்றாத கூர்முனை) என்று முக்கியமாக மூன்று வகை. பார்க்கவேண்டிய துகள் 100 நானோமீட்டருக்குக் கீழே என்றால் என் ஓட்டு ஷாட்கிக்குத்தான். எங்கள் ஆய்வகத்திலும் அதையே எடுத்தோம்.

டங்ஸ்டன் மலிவு, ஷாட்கி பல மடங்கு விலை. அதில் பேச அதிகமில்லை. டங்ஸ்டன் கருவியின் கேட்லாக்கில் 30 கிலோவோல்ட்டில் 3 நானோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது கார்பன் மேல் தங்கம் படிந்த சோதனை மாதிரிக்கான கணக்கு. பாலிமரும் ஆக்சைடு தூளும் அந்த வோல்ட்டேஜில் சார்ஜ் ஏறி, படம் வெளுத்து நகரும். பூச்சில்லாமல் பார்க்க 1 முதல் 3 கிலோவோல்ட்டுக்கு இறங்கவேண்டும். அங்கே டங்ஸ்டன் மங்கிவிடும். சுமார் 2,700 கெல்வினில் எரியும் கம்பியிலிருந்து வரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவல் 2 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல். ஷாட்கியில் 1-க்குக் கீழ். வோல்ட்டேஜ் குறையக் குறைய இந்தப் பரவல் லென்ஸின் நிறப்பிறழ்ச்சியாக, அதாவது வெவ்வேறு ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் ஒரே புள்ளியில் குவியாத மங்கலாக, படத்தில் தெரியும்.

மாதிரி தயாரிப்பு இரண்டுக்கும் ஒன்றே: தூளை எத்தனாலில் கலந்து சில நிமிடம் சோனிகேட் செய்து (மீயொலியால் குலுக்கி), ஒரு சொட்டைச் சிலிக்கான் வேஃபர் துண்டில் விட்டு உலர்த்தவேண்டும். கோட்டிங்கில்தான் வித்தியாசம். 10 நானோமீட்டர் தங்கம் பூசினால் ஷாட்கியில் தங்க மணிகளே துகள்களாகத் தெரியும். பிளாட்டினம் 2, 3 நானோமீட்டர் போதும்.

எனக்குத் தீர்ப்பு சொல்வது பராமரிப்பு. டங்ஸ்டன் ஃபிலமென்ட்டின் ஆயுள் 40 முதல் 100 மணி நேரம். தினமும் பகல் முழுக்க ஓடும் கருவியில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒன்று போகும். மாற்றுவது கடினமில்லை: கன் ஆறியபின் வென்ட் செய்து (உள்ளே காற்றை விட்டு), கம்பியைச் சுற்றியிருக்கும் வேனெல்ட் மூடியைக் கழற்றிப் பாலிஷ் போட்டு, அசிட்டோனில் சோனிகேட் செய்து, புதுக் கம்பியின் நுனியைத் துளையின் நடுவில் சரியான ஆழத்தில் நிறுத்தவேண்டும். அறுந்த கம்பியைத் தூக்கி எறியாதீர்கள். முனை உருண்டு திரண்டிருந்தால் அளவுக்கு மீறிச் சூடேற்றியிருக்கிறார்கள். மெலிந்து அறுந்திருந்தால் அது இயல்பான முடிவு.

ஷாட்கி முனையோ வருடக்கணக்கில் நிற்கும். முனையில் படிந்த சிர்கோனியம் ஆக்சைடு, டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றலை (எலக்ட்ரான் வெளியேறத் தேவையான ஆற்றலை) 4.5-இலிருந்து சுமார் 2.8 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு இறக்குவதால் 1,800 கெல்வின் போதும். ஆனால் அந்தச் சூடு இரவும் பகலும் இருக்கவேண்டும், கன்னில் 10⁻⁷ பாஸ்கல் அளவு வெற்றிடமும் இருக்கவேண்டும். கரண்ட் போனால் முனை சட்டென்று ஆறும், வெற்றிடத்தைக் காக்கும் அயன் பம்ப் நிற்கும், அழுத்தம் மெல்ல ஏறும். வெற்றிடம் மீளுமுன் அவசரப்பட்டுச் சூடேற்றினால் முனை கெடும். நெடுநேரம் நின்றுவிட்டால் கன்னைச் சூடாக்கி ஒட்டிய வாயுவை வெளியேற்றவேண்டி (பேக்-அவுட்) வரும், அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். ஆகவே கருவியின் விலையோடு யூபிஎஸ்ஸையும் ஜெனரேட்டரையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அயன் பம்புக்கும் முனைச் சூட்டுக்கும் தனி பேட்டரி இருப்பது நல்லது. குளிர்நீர் தரும் சில்லர் கருவியை யூபிஎஸ்ஸில் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். இவ்வளவும் செய்ய முடியாத இடத்தில் ஷாட்கி வாங்குவது வீண். அங்கே டங்ஸ்டன்தான் நியாயம். உலோக முறிவுப் பரப்பு, மைக்ரான் அளவு மணிகள் ஆகியவற்றுக்கும் அதுவே தாராளம்.

கோல்ட் வகையில் ஆற்றல் பரவல் 0.3 எலக்ட்ரான்வோல்ட் அளவே. குறைந்த வோல்ட்டேஜ் படத்துக்கு மூன்றிலும் அதுதான் முதல். ஆனால் சூடில்லாத முனையில் வாயு படியும், அதை நீக்க அவ்வப்போது ஃபிளாஷ் செய்யவேண்டும் (நொடிப்பொழுது சூடேற்றவேண்டும்), இடையில் எலக்ட்ரான் கற்றையின் கரண்ட் நழுவும். மணிக்கணக்கில் ஓடும் இடிஎஸ் மேப்புக்கு (எக்ஸ்ரே வழியாகத் தனிமங்களின் பரவலைப் பதிவதற்கு) அது இடைஞ்சல். புதிய மாடல்களில் இது குறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றை நீண்ட நாள் ஓட்டியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷாட்கி என்று முடிவானால், முனை மாற்றும் செலவு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குள் வருகிறதா, மின்தடையால் கெட்ட முனைக்கும் அது பொருந்துமா என்ற இரண்டையும் ஆர்டர் போடுமுன் எழுத்தில் வாங்குங்கள்.