ஏற்றத்தில் உதறும் ஓட்டோ கியர்: ஒயிலா, வால்வ் பொடியா, ஜப்பான் பொக்ஸா?

கித்துல்கலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறத் தொடங்கினால் ஹட்டன் போய்ச் சேர்வதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் கூடிவிடும். என் காரின் வியாதி கினிகத்தேனை தாண்டினால்தான் வெளியே வரும். மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி ஓர் உதறல். மீட்டரில் லைட் எரியும். ஓரங்கட்டி அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மூன்றாம் கை வாகனம், சிவிடி கியர், அதாவது படிப்படியாக இல்லாமல் சீராக மாறும் ஓட்டோ கியர். மூன்று கராஜில் ஸ்கேன் போட்டு, காரின் கணினி பதிந்துவைத்த பழுதுக் கோட் எண்ணை அழித்துவிட்டார்கள். மூன்று முறையும் திரும்பி வந்தது.

சாதாரண ஓட்டோ கியரில் இருப்பது போன்ற பல் சக்கர வரிசை சிவிடிக்குள் கிடையாது. இரண்டு புலி (கப்பிச் சக்கரம்), நடுவில் ஓர் இரும்பு பெல்ட். பெல்ட் வழுக்காமல் புலியை இறுக்கிப் பிடிப்பது ஒயில் அழுத்தம். மலையில் வேகம் குறைவு, சுமை அதிகம். ஒயில் சூடேறி இளகிவிடும். அழுத்தம் ஒரு கணம் குறைந்தால் பெல்ட் வழுக்கும். வழுக்கி வழுக்கி புலியின் முகத்தில் கீறல் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஒயிலும் காப்பாற்றாது. ஆகவே காசை எதில் போடுவது என்று யோசிக்கும் முன் ஒரு கேள்வி: குளிரிலும் உதறுகிறதா, சூட்டில் மட்டுமா? கோட் விழுந்த நேரத்து வேகம், சூடு, ஆர்பிஎம் எல்லாம் ஸ்கேனரில் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று பதிந்திருக்கும். அழிக்கும் முன் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது நான்காவது கராஜில்தான் தெரிந்தது.

ஒயில் மாற்றுவதுதான் மலிவு. கீழே திறந்து வடித்தால் பழையது முழுவதும் வராது, நல்ல பங்கு இன்ஜினையும் கியரையும் இணைக்கும் டோர்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். அதனால் கொஞ்சம் ஓட்டி மறுபடி மாற்ற வேண்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்ற விடாதீர்கள். சிவிடிக்கென்று கம்பனி சொன்னதுதான். ஆனால் இந்த வேலையில் ஒயிலை விடப் பெறுமதியானது, தேய்ந்து விழும் இரும்புத் தூளைப் பிடித்துவைக்கும் கீழ்த்தட்டுக் காந்தம். தலவாக்கலையில் மெக்கானிக் பாஸ் அதைத் துணியால் துடைக்கவில்லை, விரலால் வழித்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது. “மா மாதிரி இருக்கு தம்பி, பயமில்ல. ஊசி ஊசியா வந்திருந்தா ஒயிலும் ஊத்தாம மூடியே தந்திருப்பேன்” என்றார். களிம்பு வந்தால் அடுத்து வால்வ் பொடியைப் பார்க்கலாம். துண்டு வந்தால் முழு கியர் பொக்ஸையும் மாற்ற வேண்டியதுதான்.

எனக்கு ஒயில் மாற்றிய பிறகு உதறல் குறைந்தது, போகவில்லை.

இனி உண்மையான போட்டி. வால்வ் பொடி என்பது ஒயிலைப் பங்கிட்டு அனுப்பும் பாகம். அதன் சொலனொய்ட்கள் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வுகள்) சூட்டில் சோம்பினால் என் காரில் கண்டது போலத்தான் நடக்கும். பொக்ஸை இறக்காமலே பல மாடல்களில் இதை மாற்றலாம், செலவும் பொக்ஸ் விலையை விடக் குறைவு. இடர் ஒன்றுதான்: நோய் புலியில் இருந்தால் போட்ட காசு போனதுதான். சில மாடல்களில் புது வால்வ் பொடிக்கான அளவுத்திருத்தத்தைக் கணினியில் எழுதவும் வேண்டும். அந்த ஸ்கேனர் பாஸிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். “பார்ப்போம்” என்றால் இல்லை என்று அர்த்தம்.

ஜப்பானிலிருந்து கழற்றி வரும் பாவித்த பொக்ஸ் சந்தேகத்தை ஒரே அடியில் தீர்க்கும். கொழும்பில் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது விற்பவர் வாய்க்கு வந்த எண். வெளியே ஒன்று போலத் தெரிவதும் ஏமாற்றும்: 2009இல் ஜட்கோ என்ற ஜப்பான் கியர் கம்பனி கொண்டுவந்த சிவிடி7 சுசுகியிலும் இருக்கிறது, நிசானிலும் இருக்கிறது; அதற்காக ஒன்றுக்கொன்று பூட்டிவிட முடியாது. பொக்ஸின் மேல் இருக்கும் எண் பொருந்த வேண்டும். எனக்குச் சொன்ன உத்தரவாதம் நாள் கணக்கில்தான் இருந்தது, அதுவும் கொழும்புக்குக் கொண்டுவந்து காட்டினால். தலவாக்கலையிலிருந்து கெரியரில் ஏற்றிப் போகும் காசை யார் கணக்கில் எழுதுவது? கொழும்பிலேயே பூட்டினால் காலி வீதியில் ஓட்டிக் காட்டுவார்கள். சமவெளியில் நோஞ்சான் பொக்ஸும் நல்ல பிள்ளைதான். வாங்குவதென்றால் கடுகண்ணாவை ஏற்றமாவது ஏறிப் பார்த்துவிட்டு மிச்சக் காசைக் கொடுங்கள்.

பழைய பொக்ஸையே பிரித்து பெல்ட், புலி மாற்றித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. சுத்தமான அறையும் சரியான அளவுக் கருவியும் இல்லாமல் அது வேண்டாம்.

விற்றுவிடலாமே என்றாள் மனைவி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. வரியோடு பார்த்தால் புதிதாக வருவது நம் கைக்கு எட்டாது. வியாதியைச் சொல்லி விற்றால் கிடைக்கும் காசுக்கு இன்னொருவருடைய வியாதிதான் வரும். சொல்லாமல் விற்க மனம் வரவில்லை, வாங்குபவரும் இதே ரோட்டில் ஏறப் போகிறவர்தானே.

நான் வால்வ் பொடிக்குப் போனேன். சூட்டில் மட்டும் வந்த கோட், களிம்பு மட்டும் இருந்த காந்தம், இரண்டும் அந்தப் பக்கமே கை காட்டின. வேலைக்கு நாலு நாள் வண்டி நின்றது. எங்கள் மேல் வீட்டு அண்ணன் நானுஓயா ஸ்டேசனில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஹயர் ஓடுகிறவர். அவருக்கு நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம், பரிசோதனைக்குப் பொறுமை இல்லை; அவர் நேரே பொக்ஸ் போட்டார். அவர் நிலைமையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். போன ஞாயிறு இருவரும் முன்னும் பின்னுமாக நுவரெலியா போனோம், 1868 மீட்டர் வரை. என் மீட்டரில் லைட் எரியவில்லை. ஆனால் ஏற்றத்தில் அவருடைய வண்டிதான் சத்தமில்லாமல் இழுத்தது. கொஞ்சம் வயிறு எரிந்தது உண்மை.