ஜீப்புக்கு டி.ஐ. இன்ஜின் மாற்றக் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் எம்.எம். 540, 550 வைத்துக்கொண்டு, அதில் வந்த பெஜோ இன்ஜின் வேலை கேட்டு, அதற்குப் பதிலாக டி.ஐ. என்கிற மஹிந்திராவின் இன்னொரு டீசல் இன்ஜினை மாட்டிவிடலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் அவசியம் படியுங்கள். என் வண்டியில் இந்த வேலையைச் செய்த ஒர்க்‌ஷாப் பேசியது 85,000 ரூபாய், வாங்கியது 1,42,000. கிடைத்தது தேய்ந்த இன்ஜின், செல்லாத காகிதம், பிரேக் பிடிக்காத வண்டி. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் இங்கே போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள் என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

என் வண்டி 1989 மாடல் எம்.எம். 540, நாலு சக்கரமும் இழுக்கும். கொல்லிமலையில் எங்கள் மிளகுத் தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் வேறு எதுவும் ஏறாது. அதில் வந்தது எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின். பிரான்சின் பெஜோ கம்பெனியிடம் உரிமம் வாங்கி மஹிந்திரா இங்கேயே செய்தது, 2112 சி.சி. நல்ல இன்ஜின்தான், சத்தமும் குறைவு. ஆனால் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, போய்விட்டால் ஒரிஜினல் சாமான் தேடி அலைய வேண்டும், கிடைத்தாலும் சொன்னதுதான் விலை. அதனால் எல்லோரும் டி.ஐ.க்குப் போகிறார்கள். அந்த 2523 சி.சி. இன்ஜின் டிராக்டர் வம்சம். பழைய பி-275 டிராக்டரின் அதே நாலு அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), சிலிண்டர் விட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது. கமாண்டர், மேஜர், பழைய பொலேரோ என்று லட்சக்கணக்கில் ஓடியதால் எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் சாமான் கிடைக்கும். யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

"விபத்தான பொலேரோ இன்ஜின் ஒண்ணு இருக்குங்க அண்ணா, 60,000 கிலோமீட்டர்கூட ஓடல. கம்பெனி ஃபிட்டிங். கை வைக்காத இன்ஜின்" என்றார் கடைக்காரர். ஸ்டாண்டில் வைத்து ஓட்டியும் காட்டினார். தட்டியதும் பிடித்தது, புகை இல்லை, ஆயில் பிரஷர் முள் மேலே நின்றது. நான் போவதற்குள் ஏற்கெனவே ஒரு தடவை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்ததாக அங்கே வேலை பார்த்த பையன் ஒருவன் பின்னால் சொன்னான். இன்ஜினில் ஊற்றியிருந்ததும் இன்ஜின் ஆயில் இல்லை, கியர் ஆயிலைக் கலந்த கெட்டி ஆயில். கெட்டி ஆயில் ஊற்றினால் தேய்ந்த பேரிங்கிலும் பிரஷர் நிற்கும், தேய்ந்த ரிங்கிலும் புகை அடங்கும். எனக்கு இது தெரிய வந்தது முதல் ஆயில் சர்வீஸுக்குப் பிறகு. சரியான 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் ஊற்றிய மறுநாளே ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது தேய்ந்த ரிங் வழியாகக் கசியும் காற்று, புஸ் புஸ்ஸென்று அடித்தது. சூடேறியதும் ஐட்லிங்கில் பிரஷர் முள் கீழே படுத்துவிட்டது. வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பார்த்தோம். கிராங்க் பேரிங்கின் முதுகில் 0.75 என்று அச்சு. கம்பெனி இன்ஜினில் ஸ்டாண்டர்ட் சைஸ் பேரிங்தான் இருக்கும். 0.75 என்றால் கிராங்கை முக்கால் மில்லிமீட்டர் வரை கிரைண்டிங் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கை வைக்காத இன்ஜினாம்!

ஆகவே பழைய இன்ஜின் பார்க்கப் போகிறவர்கள் காலையில், சொல்லாமல் போங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜின் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம். டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். அப்புறம், உங்கள் செலவில் புது ஆயில் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஆயில் செலவுக்கு யோசிக்காதீர்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் பேச்சை வளர்க்கவே வேண்டாம்.

இன்ஜின் தேய்ந்தது ஒரு பக்கம். அதைக்கூடச் சரி செய்துவிடலாம், காசுதான் போகும். எனக்கு ஆத்திரம் தீராதது அதை வண்டியில் உட்கார வைத்த விதத்தில்தான்.

டி.ஐ. இன்ஜினையும் பழைய கியர் பாக்ஸையும் இணைக்க நடுவில் கிளட்சை மூடி நிற்கும் சரியான பெல் ஹவுசிங் வேண்டும், இல்லை லேத்தில் அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். எதுவானாலும் கிராங்க் மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அதற்குத்தான் டவல் பின், இரண்டையும் இம்மி பிசகாமல் பொருத்தி வைக்கும் முளை. என் வண்டியில் டவல் பின்னே இல்லை. போல்ட் துளையைப் பெரிதாக்கி, கண் மட்டத்தில் வைத்து முடுக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளிலேயே அந்த இன்புட் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங் கத்தியது, கிளட்சை மிதித்தாலும் கியர் கரகரத்தது. "புது கிளட்ச் பிளேட் செட்டாகணும்ல அண்ணா" என்று சமாளித்தார்கள். செட்டாக விட்டிருந்தால் கியர் பாக்ஸே போயிருக்கும்.

இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கை சேசிஸில் வெறும் வெல்டிங் அடித்து ஒட்டியிருந்தார்கள். டி.ஐ. பெஜோவைவிடக் கனமான இன்ஜின், அதிர்வும் அதிகம். தோட்டப் பாதையில் ஒரு பக்கம் விரிசல் விட்டது. சம்ப்பின் உயரத்தையும் பார்க்கவில்லை. சமதளத்தில் நிற்கும்போது இடைவெளி தெரியும். ஒரு சக்கரம் பாறையில் ஏறி முன் ஸ்பிரிங் பட்டை அழுந்தினால் ஆக்சில் போய் சம்ப்பில் இடித்தது. ஜீப் என்றால் இதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? வண்டியை டெலிவரி எடுக்கும்போது ஒரு முன் சக்கரத்தை மட்டும் கல் மேலோ சாய்பலகை மேலோ ஏற்றி நிறுத்தி, கீழே படுத்துப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறைய பேரை ஏமாற்றுகிறார்கள். பெஜோ இன்ஜின் 4500 ஆர்.பி.எம். வரை சுற்றும். டி.ஐ. 3200-லேயே முழு பவரையும் கொடுத்துவிடும், அதற்கு மேல் சுற்றினால் கத்தும், போகாது. அதே கியர் பாக்ஸ், ஆக்சிலில் அதே கிரவுன்-பினியன் பல்சக்கரம் இருந்தால் வண்டியின் உச்ச வேகம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். கணக்கு அவ்வளவுதான். "ஹைவேயில சும்மா பறக்கும் பாருங்க" என்று எவராவது சொன்னால் கிரவுன்-பினியனையும் மாற்றித் தருகிறாரா என்று கேளுங்கள். மலையில் ஓட்டுகிற எனக்கு அது குறை இல்லை, கீழ் இழுவை நன்றாகவே இருக்கிறது. நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் தினம் ஓட்டுகிறவர் நொந்துபோவார்.

இப்போது பிரேக். டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் மாதிரி மேனிஃபோல்டில் வாக்கம் (காற்றை உறிஞ்சும் வெற்றிடம்) கிடைக்காது. அதனால் இந்த இன்ஜினில் ஆல்டர்னேட்டரின் பின்னால் தனியாக ஒரு வாக்கம் பம்ப் இருக்கும். நாம் மிதிக்கும் விசையைப் பெருக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு அதிலிருந்துதான் ஹோஸ் போகும். அந்தப் பம்ப் ஓட இன்ஜினிலிருந்து ஆயில் வர வேண்டும், வந்த ஆயில் சம்ப்புக்குத் திரும்பிப் போக வேண்டும். அதற்கு ஒரு பைப். என் வண்டியில் அந்த ஆயில் பைப் சரியான நீளத்தில் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பைப் வர வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டைப் போட்டு அடைத்துவிட்டார்கள். உள்ளே மிச்சமிருந்த ஆயிலில் கொஞ்ச நாள் பம்ப் ஓடியது. பிறகு காய்ந்து பிடித்துக்கொண்டது. அது நடந்தது கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் வழியில். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது. பாதியில் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. பூஸ்டர் செத்தாலும் பிரேக் அடியோடு போவதில்லை, ஆனால் பல மடங்கு அழுத்த வேண்டும். பின்னால் மிளகு மூட்டை, பக்கத்தில் என் மச்சான். லோ கியரில் போட்டு, இன்ஜினையே பிடிமானமாக வைத்து, ஒவ்வொரு வளைவாக ஊர்ந்து இறங்கினோம். மச்சான் அதற்குப் பிறகு அந்த ஜீப்பில் ஏறவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்ஜின் மாற்றிய எல்லா டீசல் வண்டிக்கும் இதைச் செய்து பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் இறுகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வாக்கம் வரவில்லை. சாவியை வாங்காதீர்கள்.

காகிதக் கதை தனி. பில் கேட்டபோதெல்லாம் "ஃபைனல்ல மொத்தமா தர்றேன்" என்றார்கள். மவுண்டிங், ரேடியேட்டர், செல்ஃப் மோட்டார் என்று தொகை ஏறிக்கொண்டே போனது, எல்லாம் துண்டுச் சீட்டில் பென்சில் எழுத்து. பணம் முழுதும் போன பிறகு ஒரு ஆர்.சி. ஜெராக்ஸ் தந்தார்கள், அந்த "விபத்து பொலேரோ"வுடையதாம். சி.சி. போட்டிருக்கும் இடம் மட்டும் கறுப்பாக விழுந்திருந்தது. வண்டி எண்ணை எம்-பரிவாஹன் என்கிற அரசு வாகனத் தகவல் செயலியில் போட்டேன். பொலேரோ பவர் பிளஸ், 2017. அந்த மாடலில் வருவது 1493 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின். என் ஜீப்பில் இருப்பது 2523 சி.சி., நாலு சிலிண்டர். மூன்று சிலிண்டர் வண்டியிலிருந்து நாலு சிலிண்டர் இன்ஜினை இறக்கிய சாமர்த்தியம் உலகத்தில் இவர்களுக்கு மட்டும்தான் வரும். கேட்டதற்கு, "ஜெராக்ஸ் மாறிப்போச்சுங்க" என்றார். சரியான ஜெராக்ஸ் இன்றுவரை வரவில்லை.

2024-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாக நீட்டிப்பது உங்களுக்குத் தெரியும். ஆய்வாளர் இன்ஜின் நம்பர் இருந்த இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னார். கிரைண்டர் கோடு தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் குத்தியிருந்த எழுத்தில் ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம். பழைய நம்பரை அழித்துப் புதிதாகக் குத்திய இன்ஜின். அது யாருடைய வண்டியிலிருந்து வந்தது, எப்படி வந்தது என்று கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில், ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்றிருக்கிறது. மாற்றம் செய்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதை உறுதிப்படுத்தி 2019-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு இதில் கெடுபிடி அதிகம். "ஆர்.டி.ஓ. வேலையெல்லாம் நம்ம ஆளு பாத்துக்குவாரு" என்று கடைக்காரர் சொன்ன அந்த ஆள் போனையே எடுப்பதில்லை. இன்சூரன்ஸ் பாலிசியிலும் பழைய இன்ஜின் நம்பர்தான் இருக்கிறது. விபத்து நடந்தால் கம்பெனி அதைத்தான் முதலில் பிடிக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, இந்த சேசிஸுக்கு இந்த இன்ஜினை ஏற்பீர்களா என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இன்ஜின் வந்த வண்டியின் ஆர்.சி.யையும், விற்றதற்கான ரசீதையும் ஒரிஜினலில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழைய பெஜோ இன்ஜினையும் திருப்பித் தரவில்லை. "இரும்புக் கடைக்குப் போட்டாச்சு" என்றார்கள். அதன் டீசல் பம்ப்பையும் ஹெட்டையும் தேடிக்கொண்டு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பணத்தைவிட அந்த பிளாக் வேண்டும், ஆர்.சி.யில் உள்ள நம்பர் அதில்தான் இருக்கிறது. அது இருந்திருந்தால் கிராங்க் போட்டு அதையே திரும்ப ஏற்றிவிட்டு சிக்கலிலிருந்து வெளியே வந்திருப்பேன். உங்கள் பழைய இன்ஜினைக் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். இறக்கிய அன்றே டெம்போ வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் பதிந்தாயிற்று. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், இணையத்திலேயே பதியலாம். பில் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். யு.பி.ஐ.யில் அனுப்பிய பணம், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய இன்ஜின் படங்கள், "60,000 கிலோமீட்டர்" என்று பேசிய வாய்ஸ் மெசேஜ், சம்ப்பை இறக்கிய மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை, எல்லாவற்றையும் வைத்துத்தான் நான் பதிந்தேன். தேய்ந்த பேரிங்கையும் அந்த போல்ட்டையும் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அதற்குள் இரண்டு பேர் மூலம் சமாதானத் தூது வந்தது: இன்னொரு இன்ஜின் போட்டுத் தருகிறார்களாம், லேபர் மட்டும் நான் தர வேண்டுமாம்.