வெளுத்தால் கெட்டது: ஃபுளோரைடு மீட்டரோடு மூன்று வருடம்

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் மூன்று வருடமாக ஒரு கையடக்க ஃபுளோரைடு மீட்டர் இருக்கிறது. வாங்கியது சிங்கப்பூர்த் தண்ணீருக்காக இல்லை, தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீருக்காக. குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு மிஞ்சினால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். அக்கா மகன் சிரித்தால் முன்பல்லில் பழுப்புக் கோடு தெரியும். தர்மபுரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

முதலில் வாங்கியது காகிதப் பட்டை. இளஞ்சிவப்பு, ஃபுளோரைடு பட்டால் மஞ்சளாகும். சமையலறை விளக்கில் பார்த்து நான் ஒரு எண் சொன்னேன், மனைவி வேறு எண் சொன்னார். காரிடாரில் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் மூன்றாவது எண். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். தண்ணீர் அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லத் தெரியாத பட்டை எதற்கு?

மீட்டருக்கு மாறினேன். அதற்காகத் தண்ணீரில் கலக்கும் மருந்து நல்ல சிவப்பு. அமிலத்தில் சிர்கோனியம் என்ற உலோகமும் ஸ்பேட்ன்ஸ் என்ற சாயமும் கைகோத்து நிற்கும். ஃபுளோரைடு வந்தால் சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சிவப்பு மங்கும். எவ்வளவு மங்கியது என்பதை மீட்டர் ஒளியை வைத்து அளக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "வெளுத்தா நல்லதாடா, கெட்டதா?" "வெளுத்தா கெட்டதும்மா." "துணிக்குத் தலைகீழா இருக்கே."

ஃபுளோரைடு பட்டதும் பளிச்சென்று நிறம் மாறும் புதுப்புது மூலக்கூறுகளைப் பற்றி நானும் ஆசையாகப் படித்தேன். அவற்றில் பல அசிட்டோநைட்ரைல் மாதிரி கரைப்பானில்தான் வேலை செய்யும். தண்ணீரில் ஃபுளோரைடைத் தண்ணீரே இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் சென்சார் பக்கம் அது வராது. குடத்துத் தண்ணீரைச் சோதிக்க நினைப்பவனுக்கு இப்போதைக்குப் பழைய சிர்கோனியமே கதி.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் எனக்கு உரைகல். இங்கே 1956-லிருந்து பல்லுக்காக ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். என் மீட்டரில் 0.5-ஐ ஒட்டியே வரும். அதைவிட்டு விலகினால் தப்பு என் கையில் என்று அர்த்தம்.

தப்பு நிறையவே செய்தேன். ஒருமுறை ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலை எடுத்து அப்படியே சோதித்தேன், எண் கோணலாக வந்தது. பூஜ்யம் வைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சோதிக்கும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஓரிரு டிகிரி வித்தியாசமே போதும், கணக்கைக் கெடுத்துவிடும். பத்து மில்லி தண்ணீருக்கு மருந்து சரியாக இரண்டு மில்லி. சொட்டு கூடினால் அதுவும் எண்ணில் தெரியும். குப்பியில் விரல் ரேகை பட்டாலும் அப்படித்தான். கலங்கலோ நிறமோ உள்ள எதையும் இதில் நேரடியாகப் பார்க்க முடியாது. தே ஓவில் (பால் விடாத தேநீரில்) எவ்வளவு ஃபுளோரைடு என்று பார்க்க ஆசைப்பட்டு நான் வீணாக்கிய மருந்து தனிக் கணக்கு.

பெரிய குறை அந்த மருந்துதான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினும் சாயத்தை வெளுக்கும் என்பதால், அதை முறிக்க என் முதல் பாட்டிலில் சோடியம் ஆர்சனைட் கலந்திருந்தது. ஆர்சனிக், அதுவும் சமையலறையில்! கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. லேபிள் ஒட்டிய கேனில் சேர்த்து வைத்தேன். கேன் இருக்கும் இடத்தில் சோறு பொங்க மாட்டேன் என்று மனைவி சொன்ன பிறகு, ஆர்சனிக் இல்லாத மருந்துக்கு மாறினேன். விலை கொஞ்சம் கூட, வீட்டில் நிம்மதி.

மருந்தில் அமிலம் இருப்பதால் விமானத்தில் எடுத்துப்போக வழியில்லை. அதனால் தண்ணீர்தான் இங்கே வரும், அம்மாவின் பெட்டியில் முறுக்குக்கு நடுவே. கண்ணாடி பாட்டில் ஆகாது, பிளாஸ்டிக்தான். ஒரு தடவை அக்கா படிகாரம் சுழற்றித் தெளியவைத்த தண்ணீரைக் கொடுத்துவிட்டிருந்தாள். மருந்து விட்ட ஒரு நிமிடத்தில் 1.1 காட்டிய மீட்டர் கால் மணி கழித்து 1.5 காட்டியது. படிகாரத்தின் அலுமினியம் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. அந்த மாதிரித் தண்ணீரை இப்போது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் இரண்டு பாட்டில் வந்தது. ஒன்றில் 'கு', மற்றதில் 'போ' என்று எழுதியிருந்தது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் 0.4. போர் தண்ணீருக்கு மீட்டர் எண் காட்டாமல் மின்னியது, அதன் எல்லை 2.0. பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து பார்த்தால் 1.3, அதாவது 2.6.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "காய்ச்சித்தானே குடிக்கிறோம்?" என்றாள்.

"காய்ச்சினா போகாதுக்கா. சுண்டச் சுண்ட இன்னும் ஏறும்."

"குழாய் வராத அன்னிக்கு?"

மூடி போட்ட பெரிய டிரம் இரண்டு வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன்.