கோலாலம்பூர் வீட்டுக்கு முதல் நாய்: ஷிட்சு, பூடில், லேப்ரடார், நாட்டு நாய்

முதன்முறையாக நாய் வளர்க்க நினைக்கும் குடும்பம் பெரும்பாலும் முகத்தைப் பார்த்து மயங்கிய பிறகே இனத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறது. கோலாலம்பூரில் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: ஆண்டு முழுவதும் தணியாத புழுக்கம், வீட்டின் வகை, பகலில் வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பது. நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சு இரைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. ஆகவே எந்த நாயால் நன்றாக மூச்சு விட முடிகிறது என்பதையே நான் முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், அடுக்குமாடி வாசிகள் அதிகம் விரும்பும் ஷிட்சு பின்தங்கிவிடுகிறது. குணத்தில் அதற்குக் குறை சொல்ல முடியாது. ஏழு கிலோவுக்கு மேல் அரிதாகவே வளரும், மடியைத் தேடி வரும், பொதுவாகத் தேவையில்லாமல் குரைக்காது. ஆனால் தட்டையான முகமும் குறுகிய மூக்குத் துளைகளும் அதன் மூச்சுக்குத் தடையாகின்றன. செந்தூலில் என் சித்தி வீட்டில் ஒரு ஷிட்சு இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு அது குளியலறைத் தரையில் நான்கு கால்களையும் பரப்பி, வயிற்றை ஓட்டோடு ஒட்டி, குறட்டை போன்ற ஒலியுடன் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். பார்ப்பவர்கள் அதைச் செல்லத் தூக்கம் என்பார்கள். அது உண்மையில் வெப்பத்தோடு நடத்திய போராட்டம். முன்தள்ளிய கண்களில் எளிதில் காயம் படும் என்பதால் கண்களை நாள்தோறும் பார்த்துத் துடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே அளவில் கிடைக்கும் டாய் பூடிலுக்கு நீண்ட மூக்கு இருக்கிறது. எனவே மூச்சு சிரமமில்லாமல் போகிறது. முடி மிகக் குறைவாகவே உதிர்கிறது. சொல்வதை வெகு விரைவில் பிடித்துக்கொள்வதால், பழக்கமில்லாத வளர்ப்பாளரும் சில வாரங்களில் அதற்கு ஒழுங்கு கற்பித்துவிடலாம். அந்தக் கூர்மையே அதன் சிக்கலும் ஆகிறது: எட்டு மணி நேரம் தனியே விடப்பட்டால் அது குரைக்கப் பழகிவிடும், அதை முதலில் கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரர். இரு இனங்களுக்குமே முடி வளர்ந்துகொண்டே இருக்கும். நாலு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வெட்டிச் சீர்படுத்தும் செலவை மாதக் கணக்கில் முன்கூட்டியே சேர்க்க வேண்டும். ‘டீகப் பூடில்’ என்று விற்கப்படுவது அங்கீகரிக்கப்பட்ட தனி இனம் அன்று. இயல்பை மீறிச் சிறிதாக்கப்பட்ட குட்டிகளுக்கு உடல்நலச் சிக்கல்கள் மிகுதி என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஷிட்சுவா பூடிலா என்று என்னைக் கேட்டால், தயக்கமின்றிப் பூடில் என்பேன்.

சிறிய நாய் என்பதால் கட்டடத்தில் அனுமதி தானாகக் கிடைத்துவிடாது. அடுக்குமாடிகளுக்கான 2015ஆம் ஆண்டின் துணைவிதிகள், மற்ற குடியிருப்பாளருக்குத் தொந்தரவோ ஆபத்தோ விளைவிக்கக்கூடிய பிராணியை வளர்ப்பதைத் தடை செய்கின்றன. மாநகராட்சியின் ஆண்டு உரிமத்தோடு நிர்வாகக் குழுவின் நிலைப்பாட்டையும் முதலிலேயே கேட்டறிவது நல்லது. நாயிடம் பாசம் வைத்த பிறகு அதை வெளியேற்றச் சொல்லும் கடிதம் வருவதைவிடக் கொடுமை வேறில்லை. மின்தூக்கியில் உடன் வரும் முஸ்லிம் அண்டை வீட்டார் நாயின் எச்சில் தங்கள் மீது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். குறுகிய வாரில் அடங்கி நிற்கும் நாய்தான் அங்கே மரியாதையைக் காக்கும்.

தரை வீடு உள்ளவர்கள் லேப்ரடாரையும் கோல்டன் ரிட்ரீவரையும் நினைக்கிறார்கள். இரண்டும் குழந்தைகளுடன் நன்றாகப் பழகும். இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு உண்டு. கோல்டனின் அடர்ந்த முடி நமது மழைக்காலத்தில் எளிதில் காயாது; ஈரம் தங்கிய இடத்தில் தோல் புண்ணாகும். குட்டை முடியுள்ள லேப்ரடார் அந்த வகையில் மேல். ஆனால் அதன் பசிக்கு அளவே இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாரிடம் பசியை அடங்கவிடாத மரபணு மாற்றம் இருக்கிறது. மீந்த சோற்றில் குழம்பைப் பிசைந்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் உள்ளது. லேப்ரடார் அதை மறுக்காது, அந்தக் குழம்பில் கரைந்திருக்கும் வெங்காயமோ நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை இருட்டிய பின்பும் அரை மணி நேரமாவது நடத்திச் செல்ல ஆள் இல்லாத வீட்டில், 30 கிலோ எடையுள்ள இந்த நாய் செருப்புகளையும் கதவுகளையும் கடித்துக் குதறத் தொடங்கும்.

ஹஸ்கியைப் பற்றிச் சொல்ல ஒன்றே உண்டு: சைபீரியக் குளிருக்காக இரட்டை முடிப் போர்வையுடன் பிறந்த நாயை, பகல் முழுவதும் குளிரூட்டியை ஓடவிட முடியாதவர்கள் வாங்கவே கூடாது. காவலுக்கென்று கேட்கப்படும் ரோட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவை உறுதியான கையுள்ள, அனுபவமிக்க வளர்ப்பாளருக்குரியவை. முதல் நாயாக அவை எனக்கு ஏற்பில்லை.

எஞ்சியிருப்பது நாட்டு நாய். பலர் அதை இனமே இல்லாதது என்று ஒதுக்குகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். இந்த வெயிலில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்த உடல் அது: குட்டை முடி, நீண்ட மூக்கு, பதினைந்து முதல் இருபது கிலோ வரை எடை. நாயை வாகனமாகக் கொண்ட வைரவரை நம் கோயிலில் கும்பிட்டு வெளியே வந்து, வாசலில் கிடக்கும் நாயை விரட்டும் கை நம்முடையதாக இருக்கக் கூடாது.

காப்பகத்தில் இருந்து நான் அழைத்து வந்த பழுப்புப் பெண் நாய்க்கு அப்போது மூன்று வயது இருக்கலாம். முதல் மூன்று நாட்கள் செருப்பு அடுக்கின் பின்னாலேயே கிடந்தாள். நாலாம் நாள் மாலை என் கையிலிருந்து ஒரு துண்டுக் கோழிக்கறியை, பல் படாமல் உதட்டால் எடுத்துக்கொண்டாள். கால் விரல்களுக்கு நடுவில் ஒன்பது உண்ணிகள் இருந்தன. உண்ணிக் காய்ச்சல் இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து உயிரையே பறிக்கக்கூடியது என்பதால், முதல் வாரத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்தோம். கொசு வழியாகப் பரவும் இதயப்புழுவுக்கும் மருந்து தொடங்கினோம். இந்த இரண்டும் எந்த இனத்துக்கும் வேண்டியவை, நாட்டு நாய்க்கு மட்டுமல்ல.

குட்டியைவிட வளர்ந்த நாயை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை தடுப்பூசிகளைத் தவறாமல் போட வேண்டும், இரவில் எழுந்து வெளியே கொண்டு போக வேண்டும். அது எவ்வளவு பெரிதாகும், எப்படிப்பட்ட குணத்தோடு வளரும் என்பதும் தெரியாது. வளர்ந்த நாயிடம் இவை கண்ணெதிரே தெரிகின்றன. ஆகவே பகலில் ஆள் இல்லாத தரை வீட்டுக்கும், நிர்வாகம் இசைந்தால் அடுக்குமாடிக்கும், அமைதியான வளர்ந்த நாட்டு நாயே என் முதல் தேர்வு. பாட்டியோ தாத்தாவோ வீட்டிலிருக்கும் சிறிய அடுக்குமாடிக்குப் பூடில். காலையும் மாலையும் நடக்கத் தயாரான குடும்பத்துக்கு லேப்ரடார்.

காப்பகத்துக்கு ஒருமுறை மட்டும் போய் முடிவெடுக்காதீர்கள். வீட்டில் உள்ள அனைவரையும் அழைத்துக்கொண்டு இரண்டு தடவை போங்கள். கூண்டுக்கு வெளியே வாரில் பிடித்து நடந்து பாருங்கள். பராமரிப்பவரிடம் மறக்காமல் ஒன்றைக் கேளுங்கள்: மாலை நாலு மணிக்கு இடி இடித்து மழை கொட்டும்போது இந்த நாய் என்ன செய்கிறது? என் நாய் மேசைக்கடியில் புகுந்து, என் பாதத்தின் மீது தலையை வைத்துக்கொள்வாள்.